எழுத்தாளர் வட்டம், கோவில்பட்டி: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறுதோறும் கூடினோம். மழையால் ஐப்பசிக் கூட்டம் மட்டும் நடக்கவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

பேச்சு வழக்கில் எவ்வளவு எழுதலாம் என்ற கேள்விதான் இந்த ஆண்டும் அதிகம் வந்தது. வெளியூர்க்காரருக்குப் புரியுமோ என்று தயங்கி, வாயில் வந்த சொல்லை அடித்துவிட்டுப் பொதுச்சொல் போட்டவர்கள் நம்மில் பலர். பக்கத்து இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) நம் கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டி அகராதியே கொண்டுவந்தார். அந்த மண்ணில் நமக்கு இந்தத் தயக்கம் வருவது எனக்கு வருத்தமே.

ஆனால் வழக்குச் சொல் மட்டுமே கதையைக் காப்பாற்றாது என்று ஆவணிக் கூட்டத்தில் கற்றோம். தீப்பெட்டி ஆலையில் நடக்கும் கதை ஒன்றை உறுப்பினர் ஒருவர் வாசித்தார். கட்டை அடுக்கும், அதாவது தீக்குச்சிகளை மரச்சட்டத்தில் வரிசையாக அடுக்கும் பெண் தோழியிடம் தன் கஷ்டத்தை அரைப் பக்கம் பேசுகிறாள். பேச்சு அசல் நம்மூர்ப் பேச்சு. வாசித்து முடிந்ததும், சிறுவயதில் அந்த வேலை செய்த அக்கா ஒருவர் எழுந்தார். “கட்டை அடுக்குறவ நிமிந்து பேச மாட்டா தம்பி. கை ஓடிக்கிட்டே இருக்கும். ஒரு வார்த்தை சொல்லுவா, மிச்சத்த சட்டத்த மாத்துறப்பச் சொல்லுவா” என்றார். அடுத்த மாதம் திருத்தி வந்த கதையில் அந்த அரைப் பக்கம் ஐந்து துண்டுகளாகியிருந்தது. இடையில் கை ஓடியது. அன்று யாரும் உடனே பேசவில்லை. இந்த ஆண்டின் ஆகச் சிறந்த கூட்டம் அதுவே.

இன்னொன்று ஒப்பந்தம். நாவலை வாய்ப்பேச்சில் கொடுத்துவிட்டு, எத்தனை படி விற்றது என்றுகூடத் தெரியாமல் இருக்கும் உறுப்பினர் நம்மிடையே உண்டு. வழக்கறிஞரான உறுப்பினர் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை விளக்கினார். உரிமையை மாற்றித் தர எழுத்தும் கையொப்பமும் வேண்டும். எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். நம் எழுத்தின் உரிமை நம் ஆயுளுக்கும் அதன்பின் 60 ஆண்டுக்கும் உண்டு. கூச்சத்தில் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இடம் தந்த நூலகத்தாருக்கும், தேநீர்ச் செலவை ஏற்ற உறுப்பினர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டு கதைப் படிகளைக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே தந்துவிடக் கேட்டுக்கொள்கிறேன். முதல் முறை காதால் கேட்டு மட்டும் கருத்துச் சொல்வதில் கதைக்கு அநியாயம் நடக்கிறது.

செயலாளர்