டிராக்டர் பாலிசியில என்னைக் கேக்காம 7,50,000ஐ 6,000 ஆக்குனது பத்தி புகார்

குறைதீர்ப்பு அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம் ஐயா. உங்க கம்பெனிக்கு நான் அனுப்புற அஞ்சாவது மெயில் இது. முன்னாடி அனுப்புன நாலுக்கும் "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது"ன்னு ஒரே பதில்தான் வந்துச்சு, மெஷின் அனுப்புறதுன்னு பாத்தாலே தெரியுது. ஒரு மனுசன் படிச்சுட்டு பதில் போடணும்ங்கிறதுக்காக இந்த தடவ எல்லாத்தையும் எழுதுறேன். தயவுசெஞ்சு முழுசா படிங்க.

பாலிசி உங்களோடது, அதுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாததில்ல. டிராக்டருக்கும் ட்ரெய்லருக்கும் சேத்து ஃபுல் பேக்கேஜ். எட்டு வருசமா உங்ககிட்டதான் போடுறேன், ஒரு வருசம் கூட விட்டதில்ல, ஒரு தடவ கூட க்ளெய்ம் கேட்டதில்ல. 2023ல வந்த பாலிசிய எடுத்துப் பாருங்க, மூணாம் நபர் சொத்து சேதத்துக்கு, அதாவது என் வண்டியால அடுத்தவங்க சொத்துக்கு ஆகுற சேதத்துக்கு, லிமிட் 7,50,000 ரூபாய்னு தெளிவா போட்டிருக்கு. 2024 அக்டோபர்ல ரினியூ பண்ணதுல அதே எடத்துல 6,000 ரூபாய்னு இருக்கு. ஏழரை லட்சம் எப்படி ஐயா ஆறாயிரம் ஆச்சு? யாரு உங்ககிட்ட கொறைக்கச் சொன்னது? அஞ்சு மாசமா நான் கேக்குறது இந்த ஒரு கேள்விதான்.

என்ன நடந்துச்சுன்னு சுருக்கமா சொல்றேன். 2025 பிப்ரவரி 11 ராத்திரி, சம்பா அறுவடை முடிஞ்சு எங்க வயல் நெல்ல கொள்முதல் நிலையத்துக்கு ஏத்திட்டுப் போனோம். 40 கிலோ சிப்பம் 60 இருந்துச்சு. ஓட்டுனது என் தம்பி மவன். வாய்க்கா ரோட்டுல எதிர்ல வந்த லாரி ஹைபீம் அடிச்சுட்டு வந்திருக்கான், இவன் எடதுபக்கம் ஒதுங்குனதுல கரை மண்ணு சரிஞ்சு ட்ரெய்லர் சாஞ்சு பக்கத்து கொல்லக்காரர் காம்பவுண்டு சுவத்துல மோதி, கிட்டத்தட்ட 60 அடி சுவரும் அதை ஒட்டி இருந்த போர்செட்டு கொட்டகையும் போச்சு. ஏழரை ஹெச்பி மோட்டாரோட ஸ்டார்ட்டர் பெட்டி செங்கலுக்கு அடியில நசுங்கிக் கெடந்துச்சு. கடவுள் புண்ணியத்துல யாருக்கும் ஒரு கீறல் இல்ல. மறுநாள் காலையில 7 மணிக்கே உங்க டோல் ஃப்ரீக்கு போன் பண்ணி சொல்லிட்டேன், கால் ஹிஸ்டரி ஸ்க்ரீன்ஷாட் வச்சிருக்கேன்.

அந்த போன்ல உங்க ஆளு ரொம்ப அழுத்தமா ஒண்ணு சொன்னாரு. "சார், அவங்ககிட்ட தப்பு எங்க மேலன்னு ஒத்துக்காதீங்க, காசு தரேன்னு எதுவும் சொல்லிடாதீங்க, கம்பெனி சம்மதம் இல்லாம நீங்க எதாவது பேசிட்டீங்கன்னா க்ளெய்ம் போயிடும், பாலிசி கண்டிசன்லயே இருக்கு"ன்னாரு. நானும் எடுத்துப் படிச்சேன், அப்படித்தான் இருக்கு. சரின்னு வாய மூடிக்கிட்டேன்.

இது எவ்ளோ பெரிய கொடுமைன்னு உங்களுக்குப் புரியுதா தெரியல. அந்த கொல்லக்காரர நான் 30 வருசமா அண்ணன்னுதான் கூப்புடுறேன். என் பொண்ணு கல்யாணத்துல பந்தியில நின்னு பரிமாறுன மனுசன். அவரு காலையில வந்து சுவத்தடியில நின்னு, "என்னப்பா, எப்ப கட்டித் தரப் போற?"ன்னு கேக்குறாரு, சண்டைக்கு வரல, சாதாரணமாத்தான் கேட்டாரு. "இன்சூரன்ஸ்ல வரும்ணே, அவங்க சொன்னாத்தான் நான் பேச முடியும்"னு தலைய குனிஞ்சுக்கிட்டு சொன்னேன். ஒரு வாரம் பாத்தாரு, ஒரு மாசம் பாத்தாரு. ஏப்ரல்ல வக்கீல் நோட்டீஸ் வந்துருச்சு, 1,84,000 ரூபாய் கேட்டு. இப்ப எதிர்ல பாத்தா முகத்த திருப்பிக்கிட்டுப் போறாரு. நீங்க மட்டும் பேசாதீங்கன்னு சொல்லாம இருந்திருந்தா நான் அன்னைக்கே கொத்தனார கூட்டிட்டு வந்து, கடன ஒடன வாங்கியாச்சும் பாதி சுவரக் கட்டிக் கொடுத்துட்டு உறவ காப்பாத்தியிருப்பேன். வாயையும் கட்டிப் போட்டுட்டு இப்ப ஆறாயிரம்ங்கிறீங்க. ஆறாயிரத்துக்கு ஒரு லோடு செங்கல் கூட எறங்காது ஐயா.

சேதத்த மதிப்பிடுற சர்வேயர 24 மணி நேரத்துல போடணும், 15 நாள்ல ரிப்போர்ட் வரணும், ரிப்போர்ட் வந்து 7 நாள்ல முடிவு சொல்லணும்னு இன்சூரன்ஸ் கம்பெனிகள கண்காணிக்குற ஐஆர்டிஏஐ 2024லயே சொல்லியிருக்கு. எங்களுக்கு சர்வேயர் வந்தது ஒன்பதாவது நாள். வந்தவரு பத்து நிமிசம் நின்னாரு, போன்ல நாலு போட்டோ எடுத்தாரு, டிரைவருக்கு பேட்ஜ், அதாவது போக்குவரத்து வாகனம் ஓட்டுற தனி அனுமதி, இருக்கான்னு கேட்டாரு. தம்பி மவன்கிட்ட எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸ் இருக்கு. "அது பத்தாது, ட்ரெய்லர் மாட்டிட்டா கமர்சியல்"னு எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 2(21)ல இலகுரக வாகனம்னா என்னன்னு சொல்ற எடத்துலயே டிராக்டர்ங்கிற வார்த்தை இருக்கு, காலி எடை 7,500 கிலோவுக்கு மேல போகக்கூடாது, அவ்ளோதான். போதாததுக்கு 2024 நவம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றத்துல அஞ்சு நீதிபதிங்க உக்காந்து, எல்எம்வி லைசென்ஸ் இருந்தா 7,500 கிலோவுக்கு உள்ள இருக்குற போக்குவரத்து வாகனமும் ஓட்டலாம், தனியா எண்டார்ஸ்மென்ட் வேண்டாம்னு தீர்ப்பே சொல்லிட்டாங்க. விவசாயி நான் தேடிப் படிச்சுத் தெரிஞ்சு வச்சிருக்கேன், இதே தொழிலா இருக்குற உங்க சர்வேயருக்குத் தெரியாதா?

அடுத்து எஃப்ஐஆர் கேட்டீங்க. அடிபட்டவங்க யாருமே இல்ல, ஸ்டேசன்ல புகார் வாங்கிக்கிட்டதுக்கான சிஎஸ்ஆர் ரசீதுதான் கொடுத்தாங்க, அதைக் கொடுத்தேன். அடுத்து வாடகைக்கு ஓட்டலன்னு நிரூபிங்கன்னீங்க. சிட்டா, அடங்கல், விஏஓ சான்று, கொள்முதல் நிலையத்துல என் பேர்ல போட்ட ரசீது எல்லாம் கொடுத்தேன். அடுத்து ட்ரெய்லர் பாலிசியிலேயே இல்லன்னீங்க. ஐயா, ப்ரீமியம் போட்ட பக்கத்துல ட்ரெய்லர் 1ன்னு போட்டு அதுக்குத் தனியா காசு வாங்கியிருக்கீங்க. ஆனா மேல ட்ரெய்லரோட சேஸ் நம்பர் கட்டத்துல ஒரு கோடு போட்டு விட்டிருக்கீங்க. நம்பர நிரப்பாம விட்டது உங்க ஆளு, ஆர்சி காப்பி வருசா வருசம் உங்ககிட்டதான் இருக்கு. காசு வாங்கும்போது ட்ரெய்லர் இருந்துச்சு, கொடுக்கும்போது காணாமப் போயிருச்சா? பேப்பர் இல்லன்னு க்ளெய்ம தள்ளக்கூடாது, வேணும்ங்கிறத பாலிசி போடும்போதே கேட்டு வாங்கிக்கணும்னும் 2024 ஜூன்லயே ஐஆர்டிஏஐ சொல்லிருச்சு.

இப்ப திருச்சி கதைக்கு வரேன், இதைத்தான் என்னால மறக்கவே முடியல. அதுக்கு முன்னாடி உங்க தஞ்சாவூர் ஆபீசுக்கு நாலு தடவ போயாச்சு, ஒவ்வொரு தடவயும் "ஃபைல் திருச்சியில இருக்கு"ங்கிறதுதான் பதில். மே மாசம் கத்திரி வெயில்ல, ஒரிஜினல எல்லாம் எடுத்துக்கிட்டு நேர்ல வாங்கன்னு உங்க ஆபீஸ்ல இருந்தே போன் பண்ணி நாள் சொல்லித்தான் வரச் சொன்னாங்க. மன்னார்குடி பக்கத்துல இருந்து காலையில 5 மணி பஸ் புடிச்சு 10 மணிக்கெல்லாம் உங்க ரெண்டாவது மாடியில இருந்தேன். என் கூட எங்க அப்பா, 74 வயசு, ஆர்சி அவரு பேர்ல இருந்து எனக்கு மாத்துனதுன்னு அவரையும் கையோட கூட்டிட்டு வரச் சொல்லியிருந்தாங்க. லிப்ட் வேல செய்யல, படி ஏறுனாரு. ஒரு மணி வரைக்கும் பெஞ்சுல உக்கார வச்சுட்டு, அப்புறம் வந்து ஃபைல பாக்குற மேடம் இன்னைக்கு லீவுன்னாங்க. லீவுன்னா காலையிலேயே சொல்லக்கூடாதா? வேற யாராச்சும் பாருங்கன்னு கெஞ்சுனதுக்கு மூணாவது கேபின்ல இருந்த ஒரு ஆபீசர்கிட்ட அனுப்புனாங்க. அவரு ஃபைல தொறக்கவே இல்ல. அப்பா நீட்டுன கவர கையால தள்ளி விட்டுட்டு, "நீங்கல்லாம் படிச்சுப் பாக்காம ஓடிபி சொல்லிட வேண்டியது, அப்புறம் வந்து எங்க உயிர எடுக்க வேண்டியது, 6,000ன்னு போட்டிருக்குல்ல, இஷ்டம் இருந்தா வாங்கிக்கங்க, இல்லன்னா கோர்ட்டுக்குப் போங்க"ன்னாரு.

கவர் கீழ விழுந்து பேப்பரெல்லாம் சிதறிருச்சு. அப்பா குனிஞ்சு ஒவ்வொண்ணா பொறுக்குனாரு. அந்த ஆபீசர் அதுக்குள்ள போன எடுத்து யார்கிட்டயோ சிரிச்சுப் பேச ஆரம்பிச்சுட்டாரு. நான் அன்னைக்கு ஒண்ணும் பேசல, அப்பா கைய புடிச்சு எறக்கிக் கூட்டிட்டு வந்துட்டேன். ஆனா அந்த ஆளு யாருன்னு எனக்குத் தெரியும், உங்க ஆபீஸ் கேமராவுலயும் இருக்கும், பாத்துக்கங்க. அவரு எங்க அப்பாகிட்ட மன்னிப்பு கேக்கணும், எழுத்துல. இதுல நான் எறங்கி வர மாட்டேன்.

ஓடிபி பத்திச் சொன்னாருல்ல, அதுக்கும் பதில் சொல்லிடுறேன். ரினியூவல் முழுக்க போன்லதான் நடந்துச்சு. உங்க ஏஜென்டு பொண்ணு "போன வருசம் மாதிரியே போட்டுடுறேன் சார், ஒரு மாத்தமும் இல்ல, ஓடிபி மட்டும் சொல்லுங்க"ன்னுச்சு. போன வருசம் மாதிரின்னா 7,50,000 தானே? நான் சொன்னேன், பணம் கட்டினேன். எந்த ஃபார்ம்லயும் கையெழுத்து போடல. பாலிசி பிடிஎஃப்பா வாட்ஸ்அப்ல வந்துச்சு. அந்த 6,000 எங்க இருக்குன்னு உங்க எம்டி கண்ணாடி போட்டுத் தேடினாலும் சுலபத்துல கிடைக்காது. ரெண்டாம் பக்கத்துல, எறும்பு மாதிரி எழுத்துல, லயபிலிட்டின்னு ஒரு வரி, நானே ஆக்சிடன்ட் ஆனதுக்கு அப்புறம் போன்ல ரெண்டு வெரலால இழுத்துப் பெருசாக்கிப் பாத்துத்தான் கண்டுபுடிச்சேன். இதுக்காக ப்ரீமியத்துல கொறைச்சிருக்குறது 200 ரூபாய். எந்த டிராக்டர்காரன் 200 ரூபாய மிச்சம் புடிக்க ஏழரை லட்சத்த விட்டுக் கொடுப்பான்? 6,000ங்கிறது 1988ல மோட்டார் வாகனச் சட்டம் எழுதுனப்ப போட்ட தொகை. அந்தக் காலத்துக் கணக்க இந்தக் காலத்து சுவத்துக்குப் போடுறீங்க.

எங்க ஊர்லயே இன்னும் பதினஞ்சு இருவது டிராக்டர் உங்க கம்பெனி பாலிசியிலதான் ஓடுது. போன வாரம் நாலு பேரோடத வாங்கிப் பாத்தேன், அதுல மூணுல 6,000ன்னுதான் இருக்கு. அவங்களுக்கும் யாரும் சொல்லல. நாளைக்கு ஏதாச்சும் வண்டி கார்மேல மோதுனா நெலத்த வித்துத்தான் கட்டணும், அது தெரியாமலேயே ஓட்டிக்கிட்டிருக்காங்க.

என் நஷ்டம் 1,84,000 மட்டும் இல்ல. ஜூன் 12 மேட்டூர் தொறந்தாச்சு, எல்லாரும் குறுவைக்கு நாத்து விட்டுட்டாங்க, நான் உங்க ஆபீஸ் படி ஏறி எறங்கிக்கிட்டு இருந்ததுல எனக்கு ஒரு போகமே போச்சு. வக்கீலுக்குச் செலவு, பஸ்ஸு, ஜெராக்ஸ், அப்பாவுக்கு திருச்சியில இருந்து வந்ததுல இருந்து மூட்டு வலி. குடும்பமே நடுத்தெருவுல நிக்குது ஐயா, மிகைப்படுத்திச் சொல்லல, எங்க வீட்டுல யாரும் நிம்மதியா தூங்கி மாசக்கணக்கா ஆச்சு.

உங்க மேல எனக்கு தனிப்பட்ட கோவம் எதுவும் இல்ல, நீங்க இந்த ஃபைல பாத்திருக்கவே மாட்டீங்கன்னுதான் நெனைக்கிறேன். பாத்தா நியாயம் செய்வீங்கன்னு நம்புறேன். ப்ரபோசல் ஃபார்ம்ல 6,000 போதும்னு நான் எழுதிக் கொடுத்த கையெழுத்த காட்டுங்க. இல்லன்னா அந்த ஏஜென்டு கால் ரெக்கார்டிங்க போட்டுக் காட்டுங்க, "ரெக்கார்டு செய்யப்படுகிறது"ன்னு சொல்லித்தானே பேசுனீங்க. ரெண்டும் இல்லன்னா லிமிட்ட பழையபடி 7,50,000ன்னு எடுத்துக்கிட்டு, கொல்லக்காரருக்குச் சேர வேண்டியத நேரா அவருக்கே செட்டில் பண்ணுங்க, என் கைக்கு ஒரு பைசா வர வேண்டாம். சேஸ் நம்பர் கட்டத்த திருத்தி எண்டார்ஸ்மென்ட் (பாலிசி திருத்தச் சீட்டு) அனுப்புங்க.

இன்னையில இருந்து 14 நாள் பாப்பேன். அதுக்குள்ள பதில் வரலன்னா ஐஆர்டிஏஐயோட புகார் தளம் பீமா பரோசாவுல போடுவேன், ஒரு மாசம் தாண்டுனா இன்சூரன்ஸ் புகார விசாரிச்சு உத்தரவு போடுற சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன்கிட்ட போவேன். அங்க எனக்கு ஒரு ரூபா செலவு இல்ல, 50 லட்சம் வரைக்கும் அவங்க உத்தரவு போடலாம், போட்டா 30 நாள்ல நீங்க கட்டணும், அது உங்களுக்கே தெரியும். திருவாரூர் நுகர்வோர் கோர்ட்டும் தொறந்துதான் இருக்கு. மத்த மூணு பாலிசிக்காரங்களையும் கூட்டிட்டு வருவேன். அதுவரைக்கும் போகாம இங்கேயே முடிஞ்சா எனக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். தொகை முடிவாக நாளாகும்னா, முதல்ல ரெண்டு வரி எழுதி அனுப்புங்க, கொல்லக்காரர்கிட்ட நான் பேசலாம், அதுனால க்ளெய்ம் போகாதுன்னு. அந்த லெட்டர எடுத்துக்கிட்டு அன்னைக்கே அவரு வீட்டுக்குப் போயிடுவேன்.

இப்படிக்கு,
எட்டு வருசப் பாலிசிதாரர்

இணைப்பு: 2023, 2024 பாலிசி காப்பி, சிஎஸ்ஆர் ரசீது, சிட்டா அடங்கல், கொள்முதல் ரசீது, லைசென்ஸ், வக்கீல் நோட்டீஸ், சுவரு போட்டோ 11