அடக்க ஆராதனையில் பேசும் போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள போதகர்களே, ஆயர்களே,

ஈஸ்டர் பிரசங்கத்துக்கு நீங்கள் குறிப்பெடுக்கத் தொடங்கும் நாட்களில் இந்த மடல் உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும் என்பது என் ஆசை. நான் இறையியல் படித்தவள் இல்லை, ஆலயத்தில் பின்வரிசைக்காரி. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிரசங்கம் கேட்டு வருகிறேன் என்பது ஒன்றே என் தகுதி. சமைக்கத் தெரியாதவனுக்கும் உப்புக் கரிப்பது தெரியும் அல்லவா, அந்த அளவிலான தகுதி.

என் அம்மா இறந்த அன்று அடக்க ஆராதனையை நடத்திய போதகர் பெட்டியைச் சுட்டிக்காட்டி, "இது வெறும் கூடு. பறவை பறந்துவிட்டது. வெறுங்கூட்டைப் பார்த்து யாராவது அழுவார்களா?" என்றார். நல்ல மனிதர் அவர். நள்ளிரவில் கூப்பிட்டாலும் ஜெபிக்க வருபவர். ஆறுதலாக நினைத்துத்தான் சொன்னார். கூடியிருந்தவர்கள் "ஆமென்" என்றார்கள். எனக்கு அந்த ஆமென் வாயில் வரவில்லை.

பக்கவாதம் வந்தபின் அம்மா இரண்டு ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். இடது கை இறுக மூடிக்கொண்டது. விரல்கள் உள்ளே மடங்கி, நகங்கள் உள்ளங்கைச் சதையில் பதியும். காலையில் அந்தக் கையை வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் வைத்திருந்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பேன். அவசரப்பட்டால் கை இன்னும் இறுகும். ஆகவே பேச்சுக் கொடுத்துக்கொண்டே பிரிக்க வேண்டும். உள்ளங்கையில் தேங்கியிருக்கும் ஈரத்தையும் வாடையையும் துடைத்து, உலரவிட்டு, ஒரு சிறு துணியைச் சுருட்டி உள்ளே வைப்பேன், நகம் மறுபடியும் பதியாமல் இருக்க. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். குதிகாலில், இடுப்பில், தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இத்தனையும் அந்த உடம்புக்குத்தான் செய்தேன். அது வெறும் கூடு என்றால் இரண்டு ஆண்டுகளாக நான் எதைக் கழுவிக்கொண்டிருந்தேன்?

கோபத்தில் எழுதவில்லை. முதலில் கோபம் இருந்தது உண்மைதான். வீட்டுக்கு வந்து வேதாகமத்தைத் திறந்து, போதகர் சொன்ன கூடும் பறவையும் எங்கே இருக்கின்றன என்று தேடினேன். உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசும் இடங்களில் எங்குமே அது இல்லை. அந்த உவமை இருப்பது திருக்குறளில், நிலையாமை அதிகாரத்தில். கூடு தனித்துக் கிடக்கப் பறவை பறந்துபோவது போன்றதே உடம்புக்கும் உயிருக்கும் உள்ள நட்பு என்கிறார் வள்ளுவர். அழகான உவமை, தமிழ் படித்த எவருக்கும் நாவில் நிற்கும் உவமை. நிலையாமையைச் சொல்ல அதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைப்பது கடினம். ஆனால் நீங்கள் அங்கே நின்றது நிலையாமையைச் சொல்வதற்காக இல்லையே!

பவுல் எடுத்த உவமை வேறு. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15-ஆம் அதிகாரத்தில் அவர் விதையைப் பற்றிப் பேசுகிறார். மரித்தோர் எப்படி எழுந்திருப்பார்கள், எப்படிப்பட்ட சரீரத்தோடே வருவார்கள் என்று கேட்பவனை "புத்தியீனனே" என்று அதட்டிவிட்டு (அந்தக் கேள்வி அவருக்கும் எரிச்சலூட்டியிருக்கிறது பாருங்கள்), "நீ விதைக்கிற விதை செத்தாலொழிய உயிர்க்கமாட்டாதே" என்கிறார். "பலவீனமுள்ளதாய் விதைக்கப்படும், பலமுள்ளதாய் எழுந்திருக்கும்." பறந்துபோன பறவைக்குக் கூட்டோடு இனிமேல் வேலை இல்லை. விதை அப்படியில்லை. மண்ணுக்குள் போனதுதான் முளைக்கிறது. முளைத்தது விதையைப் போலவே இருக்காது, அதையும் பவுல் சொல்கிறார். ஆனாலும் நெல்லைப் போட்ட இடத்தில் நெல்தான் வரும். அந்தத் தொடர்ச்சியில்தான் என் அம்மாவின் கை அடங்கியிருக்கிறது.

அப்போஸ்தலர் விசுவாசப்பிரமாணத்தை வாரந்தோறும் நாங்கள் எழுந்து நின்று சொல்கிறோம். அதில் "ஆத்துமா பரலோகம் போவதை விசுவாசிக்கிறேன்" என்று ஒரு வரி கிடையாது. "சரீரம் உயிர்த்தெழுதலை" என்றுதான் இருக்கிறது. இடையில் காத்திருக்கும் காலத்தைப் பற்றி வேதம் பேசவில்லை என்று நான் சொல்லவில்லை. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று சிலுவையில் தொங்கிய கள்ளனுக்குச் சொல்லப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டுதான் நானும் பல இரவுகள் தூங்குகிறேன். ஆனால் அது வழியில் ஒரு தங்கல். ஊர் இன்னும் வரவில்லை. நீங்கள் எங்களைத் தங்கலிலேயே இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிவிடுகிறீர்கள்.

பவுல் ஏதென்ஸில் பேசியபோது என்ன நடந்தது? பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், மரித்தோரின் உயிர்த்தெழுதல் என்றதும் பரியாசம் செய்தார்கள். ஆத்துமா அழியாது என்று மட்டும் அவர் சொல்லியிருந்தால் அவ்வளவு சிரிப்பு எழுந்திருக்காது. பிளேட்டோ வாழ்ந்து போதித்த நகரம் அது. அங்கே அந்தச் சரக்கு ஏற்கெனவே இருந்தது. சிரிப்பு வந்தது உடம்பு எழும் என்றதால்தான். இன்று நம் அடக்க ஆராதனைகளில் எவருமே சிரிப்பதில்லை என்பதை நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

சுவிசேஷங்கள் உயிர்த்தெழுந்த இயேசுவைப் பற்றிச் சொல்லும்போது எவ்வளவு உடம்பு இருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? லூக்கா 24-இல் அவர் பொரித்த மீனைச் சாப்பிடுகிறார், அதுவும் அவர்கள் கண் முன்னால். யோவான் 20-இல் தோமாவிடம் கையை நீட்டச் சொல்கிறார். ஆணி பாய்ந்த இடம் அப்படியே இருக்கிறது. மரணத்தை வென்றவருக்கு அந்தத் தழும்புகளை அழிப்பது ஒரு பெரிய காரியமா? அழிக்கவில்லை. பட்ட பாடு எழுந்த சரீரத்திலும் அடையாளமாக நிற்கிறது. இதை நான் எத்தனை முறை வாசித்திருப்பேன்! அம்மாவின் கையைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் அது எனக்குள் இறங்கியது.

கல்லறையில் தலையில் சுற்றியிருந்த சீலை மட்டும் தனியே சுருட்டி வைக்கப்பட்டிருந்ததும் அதே அதிகாரத்தில்தான் வருகிறது. இங்கே ஒரு சின்னப் புகார். "யூத எஜமான் சாப்பாட்டு மேசையில் துணியை மடித்து வைத்தால் திரும்பி வருவேன் என்று பொருள்" என்று ஒரு கதை சொல்கிறீர்களே, அதற்கு ஆதாரம் கிடையாது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒருவர் எழுந்தார், துணியைச் சுருட்டித் தனியே வைத்தார். அப்படிச் சொன்னாலே எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. கதை தேவையில்லை.

இனி அழுகையைப் பற்றி. அன்று என் தம்பியின் தோளைத் தட்டி, "விசுவாசி அழக் கூடாது" என்று ஒரு மூப்பர் சொன்னார். அவன் உடனே நிறுத்திக்கொண்டான். அதன்பின் அவன் அழுது நான் பார்க்கவில்லை, நன்றாக இருக்கிறான் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. மூப்பர் நினைத்திருந்த வசனம் தெசலோனிக்கேயருக்கு எழுதியது. அதை முழுதாக வாசியுங்கள்: "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல நீங்கள் துக்கித்து" என்று இருக்கிறது. துக்கிக்கும் விதம் வேறு, அவ்வளவுதான். இறந்துபோன லாசருவை இன்னும் சற்று நேரத்தில் எழுப்பப் போகிறோம் என்று தெரிந்த இயேசுவே கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். கூடு என்று நினைத்திருந்தால் அவர் ஏன் அழுதிருக்க வேண்டும்?

ஈஸ்டர் அன்று நீங்கள் தரும் நிரூபணங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெறுங்கல்லறை, காவலர்கள், ஐந்நூறு பேருக்கு மேல் கண்டது, அவர்களில் அநேகர் பவுல் எழுதும்போதே உயிரோடு இருந்தது. இவை எனக்கும் முக்கியம்தான். நிருபம் கி.பி. 50-களின் நடுவில், நேரில் கண்டவர்கள் வாழ்ந்த காலத்திலேயே எழுதப்பட்டது என்பது சாதாரண விஷயமா? ஆனால் முக்கால் மணி நேரம் வழக்கறிஞரைப் போல வாதாடிவிட்டு, வழக்கில் வென்ற களிப்போடு நீங்கள் இறங்கிப்போகும்போது, திங்கட்கிழமை காலையில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரிவதில்லை. அதோடு, நம்ப முடியாமல் உட்கார்ந்திருப்பவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறீர்கள். மாற்குவின் மிகப் பழைய பிரதிகள் 16-ஆம் அதிகாரத்தின் எட்டாம் வசனத்தோடு, பெண்கள் பயந்து ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் ஓடியதோடு, முடிந்துவிடுகின்றன. மத்தேயுவிலோ, எழுந்தவரை மலையில் நேரில் பணிந்துகொண்ட இடத்திலேயே "சிலரோ சந்தேகப்பட்டார்கள்." அவர்களை யாரும் வெளியே அனுப்பவில்லை.

திங்கட்கிழமை என்றேன். பவுலின் அதே 15-ஆம் அதிகாரத்தில் ஒரு சொல்லின் மீது என் கண் விழுந்தது. 14-ஆம் வசனம்: "கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா." விருதா என்றால் வீண். இந்த வசனத்தை நீங்கள் அடிக்கடி சொல்வீர்கள். 58-ஆம் வசனம், அதிகாரத்தின் கடைசி வசனம்: "கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராதென்று அறிந்து..." அதே விருதா. மூல கிரேக்கத்திலும் இரண்டிடத்திலும் ஒரே சொல்தான் என்று படித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எக்காளம், இமைப்பொழுது, "மரணமே, உன் கூர் எங்கே" என்றெல்லாம் உச்சியில் ஏறிய மனிதர், "ஆகையால் வானத்தைப் பார்த்துக் காத்திருங்கள்" என்று முடிப்பார் என்றல்லவா எதிர்பார்ப்போம்? அவர் பிரயாசத்தில் வந்து இறங்குகிறார். உழைப்பில். எழுப்பப்படப் போகிற உலகத்தில் செய்யப்படும் வேலை என்பதால் அது வீணாகாது என்கிறார்.

யார் யாருடைய பிரயாசம் என்று பட்டியலிட எனக்கு ஆசை, ஆனால் ஒன்றே போதும். நினைவு தப்பிப்போன கணவருக்குத் தினமும் தன் பெயரைப் புதிதாகச் சொல்லி ஊட்டிவிடும் ஒரு பெண்மணி எங்கள் சபையில் இருக்கிறார். மாலையில் அவருக்கு அது நினைவில் இராது. குணமாகும் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. குணமளிக்கும் ஜெபத்துக்காக அழைத்துப்போய்ச் சலித்துவிட்டார். விருதா என்ற சொல்லை அவரைப் போல அறிந்தவர் யார்? அவருக்கு 58-ஆம் வசனத்தைச் சொல்ல ஒருவர் வேண்டும்.

இன்னும் ஒரு படி கீழே இறங்குங்கள். வேதாகமத்துக்கு அதிகார எண்கள் வந்தது 13-ஆம் நூற்றாண்டில், வசன எண்கள் 16-ஆம் நூற்றாண்டில். பவுலின் கடிதத்தில் அந்தக் கோடுகள் இல்லை. 58-ஐ முடித்ததும் அவர் எழுதிய அடுத்த வாக்கியம் எது தெரியுமா? "பரிசுத்தவான்களுக்காகச் சேர்க்கப்படும் தர்மப்பணத்தைக்குறித்து..." எருசலேமில் இருந்த ஏழைகளுக்காக, வாரத்தின் முதல் நாளில், அதாவது ஆண்டவர் எழுந்த நாளில், அவரவர் தம் வரவுக்குத் தக்கதாகக் கொஞ்சம் எடுத்துவைக்கச் சொல்கிறார். எக்காளத்திலிருந்து காணிக்கைப் பைக்கு ஒரே மூச்சில் வந்துவிடுகிறார்! அப்போஸ்தலர் 4-உம் இப்படித்தான். உயிர்த்தெழுதலுக்கு மிகுந்த பலமாய்ச் சாட்சி கொடுத்தார்கள் என்ற வரிக்கு அடுத்தே, அவர்களில் ஒருவனுக்கும் ஒன்றும் குறைவாயிருந்ததில்லை என்று வருகிறது. ஆனால் ஈஸ்டர் பாடப்பகுதியை நாம் 58-இல் நிறுத்திவிட்டு உட்காருகிறோம்.

யோவான் 21-ஐ ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறுகளில் ஒன்றிலாவது நிதானமாக எடுத்துப் பேசுங்கள். ஆலயம் பாதி காலியாக இருக்கும், பரவாயில்லை. கரையில் கரிநெருப்பு, அதன்மேல் மீன், அப்பம். இரவு முழுதும் ஒன்றும் அகப்படாமல் களைத்து வந்தவர்களிடம் எழுந்தவர் சொன்னது, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்." புதிய ஏற்பாட்டில் கரிநெருப்பு என்ற அந்தச் சொல் வேறு ஒரே இடத்தில்தான் வருகிறது. பேதுரு குளிர்காய்ந்துகொண்டு "நான் அல்ல" என்று மறுதலித்த முற்றத்தில். அந்த வாசனை பேதுருவின் மூக்கில் ஏறியிருக்காதா? எழுந்தவர் அதைப் பற்றி முதலில் ஒன்றுமே பேசவில்லை. சாப்பிட வைக்கிறார். சாப்பிட்ட பிறகுதான் கேள்வி கேட்கிறார், மறுதலித்த மூன்று முறைக்கு மூன்று முறை. பேதுரு துக்கப்பட்டான் என்று எழுதியிருக்கிறது. காயத்தைத் தொடாமல் மூடிவிடுவதும் இல்லை, தொட்டுக் கிழிப்பதும் இல்லை. எங்கள் வீடுகளில் ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல் எத்தனை ஆண்டுகள் சாப்பிடுகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும், நீங்கள்தானே வீடு சந்திக்க வருகிறீர்கள்.

நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த அடக்க ஆராதனையில் பெட்டியைச் சுட்டிக்காட்டும்போது, அதில் கிடப்பதைக் கழுவித் துடைத்த கைகள் எதிரே உட்கார்ந்திருக்கின்றன என்று நினைத்துக்கொள்ளுங்கள். பறவையை விட்டுவிட்டு விதையைச் சொல்லுங்கள்.

எனக்கு உடனடியாக ஒரு பதிலும் வேண்டியிருக்கிறது. அம்மாவின் கல்லறையில் கல் பதிக்க வேண்டும். "பறந்து சென்றார்" என்று போட்டு ஒரு புறாவும் செதுக்கலாம் என்கிறான் தம்பி. அழகாகத்தான் இருக்கும். "பலவீனமுள்ளதாய் விதைக்கப்பட்டது" என்பதோடு நிறுத்திவிட்டு, மீதி வரிக்கு இடம் காலியாக விடலாம் என்று நான் சொல்கிறேன். வாசிப்பவர்களுக்குப் புரியாது என்கிறான். புரியாவிட்டால் கேட்பார்கள், கேட்டால் சொல்லலாம் என்கிறேன். இரண்டு வாரங்களாக இப்படியே போகிறது. கல் செதுக்குபவர் வாசகத்துக்காகக் காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
பின்வரிசையிலிருந்து ஒரு விசுவாசி