திரும்புவது வேறு, நடப்பது வேறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சிறு பிள்ளைகளுக்குக் கோடிங் (கணினிக்கு வரிசையாகக் கட்டளை எழுதும் பயிற்சி) வேண்டுமா, வேண்டாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் கணினியைப் பற்றியே வாதாடுகிறோம். ஒன்றாம் வகுப்பு ஆசிரியையான எனக்கு அது சாக்பீஸில் தொடங்கும் விளையாட்டு.

தரையில் நான்குக்கு நான்கு கட்டம் போடுவேன். ஒரு மூலையில் ஒரு குழந்தை, எதிர்மூலையில் ஒரு பந்து. ‘ஒரு கட்டம் முன்னே போ’, ‘வலப்பக்கம் திரும்பு’, ‘இடப்பக்கம் திரும்பு’ என மூன்று வகை அட்டைகள். நிற்கும் குழந்தை பந்தை அடையும்படி, மற்ற பிள்ளைகள் பேசிப் பேசி அட்டைகளை அடுக்க வேண்டும். அந்தக் குழந்தை அட்டையில் உள்ளதை மட்டுமே செய்யும். விரல் நீட்டக் கூடாது; ‘அங்க’, ‘இப்படி’ என்ற சொற்களுக்கும் தடை. கை காட்ட வழியில்லாதபோதுதான் பிள்ளைகள் சொல்லைத் தேடுகிறார்கள்.

முதல் நாளில் ஆண்டுதோறும் ஒரே தடுமாற்றம். ‘வலப்பக்கம் திரும்பு’ என்றதும் குழந்தை திரும்பி, ஒரு கட்டம் நடந்தும்விடும். அதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வராது. ‘அந்த முனையில் வலப்பக்கம் திரும்பு’ என்று நாம் வழி சொன்னால், திரும்பி நடப்பதுதானே பொருள்! நின்ற இடத்திலேயே உடம்பைத் திருப்புவது தனி, நகர்வது தனி என்று பிரித்தறியச் சிலருக்கு ஒரு வாரம்கூட ஆகும்.

அடுத்த சிக்கல் எதிரெதிரே நிற்பது. தன் வலக்கையைச் சரியாகக் காட்டும் ஆறு வயதுப் பிள்ளைகூட, எதிரே நிற்பவரின் வலக்கை எது என்றால் திகைக்கும். சற்று நேரத்தில் தானே எழுந்துபோய், நிற்கும் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் நின்று, அதே பக்கம் பார்த்துத் தானும் திரும்பிச் சோதித்துக்கொள்ளும். அப்போது நான் வாய் திறப்பதில்லை. 1967-இல் உருவான லோகோ என்ற கணினி மொழியில் பின்னர், கட்டளைப்படி நகரும் ‘ஆமை’ ஒன்று வந்தது. அதை நடத்தத் தெரியாதபோது நீயே ஆமையாகி நடந்து பார் என்பதுதான், அம்மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட் குழந்தைகளுக்குக் காட்டிய வழி.

நம் மொழியில் ‘முன்னால்’, ‘பின்னால்’ இரண்டும் இடத்தையும் குறிக்கும், காலத்தையும் குறிக்கும். இந்த விளையாட்டில் இரண்டு பொருளும் ஒரே தரையில் சந்திக்கின்றன. வகுப்பில் அதிகம் பேசாத ஒரு சிறுமி, அட்டைப்படி நடந்தும் பந்தை எட்ட முடியாமல் போன ஒரு நாள், “டீச்சர், நடக்குறதுக்கு முன்னாடி திரும்பணும். அட்டை இடம் மாறிடுச்சு” என்றாள். அவள் வாயிலிருந்து நான் கேட்ட மிக நீளமான பேச்சு அதுதான்.

இந்த வயதில் டேப்லெட் வாங்கித் தரத் துடிக்கும் பெற்றோர், அதற்குமுன் ஒரு மாதம் தரையில் விளையாடிப் பார்க்க வேண்டும். தங்களிடமும் ஒரு வேண்டுகோள். சிறுவர் பகுதியில் வாரம் ஒரு கட்டப் புதிர் வெளியிடுங்கள். அதைப் பார்த்து வகுப்பில் வரைந்துகொள்வோம். தொடக்கத்தில் குழந்தை எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதையும் மறக்காமல் படத்தில் காட்டிவிடுங்கள். அது தெரியாவிட்டால் வலம் எது, இடம் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
ஒன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவர்