நீ இருப்பது லண்டன் பக்கம் இல்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. எந்தத் தைலத்தால் குறைந்தது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை.

பருப்புப்பொடி பார்சல் ஆறு வாரம் சுற்றிவிட்டு வந்து சேர்ந்தது என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கார்க், அயர்லாந்து என்று ஒழுங்காக எழுதிவிட்டு, கடைசியில் பெரிய எழுத்தில் யூ.கே. என்று சேர்த்தது என் கைதான். முப்பத்தோரு வருஷம் சமூக அறிவியல் நடத்தியவன். தெருவில் யார் கேட்டாலும் "பொண்ணு லண்டன் பக்கம் இருக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தவனும் நான்தான். லண்டனுக்கும் உனக்கும் நடுவே ஒரு கடலே இருக்கிறது. அதைவிட முக்கியம், 1922-இல் அயர்லாந்துக்காரர்கள் பிரிட்டனிலிருந்து தனி அரசாகப் பிரிந்துவிட்டார்கள். வடக்கே ஆறு மாவட்டம் மட்டும் பிரிட்டனோடு நின்றுவிட்டது. இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. தீவின் வடகோடி முனையான மாலின் ஹெட் வட அயர்லாந்தில் இல்லை, 'தெற்கு' என்று சொல்லப்படுகிற குடியரசில் இருக்கிறது. உன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த வரைபடத்தில் இதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் மாப்பிள்ளையிடம் விவாதம் செய்தேனே, ஞாபகம் இருக்கிறதா?

அயர்லாந்து என்றதும் எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம் டிஎன்பிஎஸ்சி கைடு வரிதான்: 'அரசு நெறிமுறையுறுத்தும் கோட்பாடுகள், அயர்லாந்து அரசியலமைப்பிலிருந்து எடுக்கப்பட்டவை.' ஒரு மதிப்பெண். அந்த அரசியலமைப்பு 1937-இல் வந்தது என்று கூடுதலாகச் சொன்னால் பையன்கள் என்னைப் பெரிய ஆள் என்று நினைத்தார்கள். அயர்லாந்தில் வந்த பெரும் பஞ்சத்தைப் பற்றிக் கேட்டிருந்தால், "உருளைக்கிழங்கு நோய் வந்து அழுகிப்போச்சு, சாப்பாடு இல்லாம செத்தாங்க" என்று முடித்திருப்பேன். பாதி உண்மை.

1845-இல் ஆரம்பித்து ஏழெட்டு வருஷம் நீண்டது அந்தப் பஞ்சம். கிழங்கு அழுகியது நிஜம். ஆனால் அது ஏழைக் குத்தகைக்காரனின் சோறு மட்டும்தான். அவன் பக்கத்து வயலிலேயே கோதுமையும் ஓட்ஸும் விளைந்தன. மாடு கொழுத்தது, வெண்ணெய் கடைந்தார்கள். அதில் நிறைய குத்தகைக்கும் விற்பனைக்கும் போய், கப்பலேறி இங்கிலாந்துக்கே சென்றது. ஏறக்குறைய பத்து லட்சம் பேர் செத்தார்கள். இன்னொரு பத்து லட்சம் பேர் ஊரைவிட்டே போனார்கள். 1841-இல் தீவின் ஜனத்தொகை சுமார் 82 லட்சம். இன்றைக்குத் தெற்கையும் வடக்கையும் கூட்டினாலும் 70 லட்சத்துக்குச் சற்று மேலேதான் வருகிறது. நூற்றெண்பது வருஷமாகியும் பழைய எண்ணிக்கையைத் தொடாத நாடு! நான் ரிட்டையர் ஆன பிறகு இதைப் படித்தேன் என்பதுதான் வெட்கம்.

லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து நிவாரணத்தைக் கையாண்டவர் சார்லஸ் ட்ரெவெல்யன். அரசாங்கம் தாராளமாகக் கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறியாகிவிடுவார்கள், சந்தை தானே சரிசெய்துகொள்ளும் என்ற கட்சி அவர். 1848-இல், பஞ்சம் ஓயும் முன்பே, அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. அப்புறம் 1859-இல் அவர் எங்கே வந்தார் தெரியுமா? நம் மதராசுக்கு, கவர்னராக. ஒரு வருஷம்தான் இருந்தார். 1876-இல் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது அவர் இங்கே இல்லை. அந்தக் கொள்கை இருந்தது. ஜனங்கள் செத்துக்கொண்டிருக்க, சென்னைத் துறைமுகத்திலிருந்து தானியம் ஏற்றுமதியானது. தட்டில் சோறு மீந்தால் என் பாட்டி "தாது வருசத்த நெனச்சுக்க" என்பாள். கார்க்கில் ஒரு பாட்டியோடு அவள் உட்கார்ந்திருந்தால் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே பேசியிருப்பார்கள்.

கார்க் பக்கத்து மிடில்டனுக்கு ரயிலில் கூட்டிக்கொண்டு போனாயே, அங்கே நினைவுச்சின்னமாக நிற்கிற அந்த இறகுகளை நான் இன்னும் மறக்கவில்லை. துருப்பிடிக்காத எஃகில் ஒன்பது பெரிய கழுகு இறகுகள், வட்டமாக நின்று கிண்ணம் மாதிரி வளைந்திருந்தன. தூறலில் அதன் விளிம்பு ஒவ்வொன்றிலும் தண்ணீர் கோத்து நின்றது. நடுவில் போய் அண்ணாந்து பார்த்தேன், கண்ணாடியெல்லாம் நனைந்து ஒன்றும் தெரியவில்லை. 1847-இல் அமெரிக்காவின் சாக்டா பழங்குடியினர் இந்தப் பஞ்சத்தைக் கேள்விப்பட்டு 170 டாலர் திரட்டி அனுப்பினார்களாம். அந்த நன்றிக்குத்தான் இந்த இறகுகள். 1831 தொடங்கி தங்கள் சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டு, வழியெல்லாம் ஆளைப் புதைத்துக்கொண்டே நடந்தவர்கள் அவர்கள். 2020-இல் கொரோனா வந்தபோது நவஹோ, ஹோப்பி என்ற வேறு அமெரிக்கப் பழங்குடியினருக்கு அயர்லாந்துக்காரர்கள் பணம் அனுப்பினார்கள். பழைய கடனை மறக்கவில்லை, வேறு வீட்டில் அடைத்தார்கள், அவ்வளவுதான்.

சரி, பேரன் விஷயத்துக்கு வருகிறேன். ஐரிஷ் என்றால் ஆங்கிலத்தையே ஒரு மாதிரி இழுத்துப் பேசுவது என்று நினைத்திருந்தேன். தனி மொழி என்று அவன் பள்ளிப் புத்தகத்தைப் பார்த்துத்தான் புரிந்தது. அதில் 'ஆமாம்', 'இல்லை' இரண்டுக்கும் தனிச்சொல் கிடையாது. "சாப்பிட்டாயா?" என்றால் "சாப்பிட்டேன்" என்று வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும். நாமும் பாதி நேரம் அப்படித்தானே பேசுகிறோம்! வணக்கத்துக்கு 'கடவுள் உன்னோடு' என்றால், பதிலுக்குக் 'கடவுளும் மரியாளும் உன்னோடு' என்று ஒருபடி கூட்ட வேண்டுமாம். மொய் எழுதுகிற கணக்கு. அவனை அதை விட்டுவிடாமல் படிக்கச் சொல்.

இன்னொன்று. மார்ச் 17, புனித பேட்ரிக் திருநாள் அன்று பச்சைத் தொப்பி போட்டு அவன் அனுப்பிய படத்தை அம்மா தெரு முழுக்கக் காட்டினாள். அந்த பேட்ரிக் அயர்லாந்தில் பிறந்தவரே இல்லை. ரோமானியர் காலத்துப் பிரிட்டனில் பிறந்தவர். பதினாறு வயதில் அயர்லாந்துக் கொள்ளைக்காரர்கள் பிடித்துப்போய் அடிமையாக வைத்திருந்தார்கள், ஆறு வருஷம் ஆடு மேய்த்துவிட்டுத் தப்பி, பிறகு தானாகவே திரும்பி வந்தார். பாம்புகளை விரட்டினார் என்பது கதை. பனியுகம் முடிந்து கடல் சூழ்ந்த பிறகு அங்கே பாம்பு வந்து சேரவே இல்லை. இதைச் சொன்னதும் அம்மா, கொல்லையில் சாரைப்பாம்பு வருகிற இந்த வீட்டை விற்றுவிட்டு அங்கேயே வந்துவிடலாம் என்கிறாள்.

அடுத்த பார்சல் செவ்வாய்க்கிழமை போடுகிறேன். நாரத்தங்காய் ஊறுகாய், வேப்பம்பூ வற்றல், மாப்பிள்ளைக்கு எள்ளுப்பொடி. உங்கள் வீட்டின் அந்த ஏழு எழுத்து ஏர்கோடை, அதான் அந்த ஊர்ப் பின்கோடை, மறுபடி அனுப்பு. கடைசி வரியில் அயர்லாந்து என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன். அம்மா கண்ணாடி போட்டு இரண்டு தடவை பார்த்துவிட்டாள்.

அன்புடன்,
அப்பா