அமைப்புக் கோப்புகளையும் காப்பாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேலத்து அச்சகங்களிலும் ஏற்காட்டுக் காப்பித் தோட்ட அலுவலகங்களிலும் லினக்ஸ் இயங்குதளக் கணினிகளைப் பராமரித்து வருபவன் என்ற முறையில், ஃபார்மேட் செய்யும்போது நம் ஊரில் தொடர்ந்து நேரும் ஓர் இழப்பைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். ஆவணங்களையும் படங்களையும் மறவாமல் பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளும் சர்வீஸ்காரர்கள், பயனர் தன் விருப்பப்படி செயலிகளில் செய்துவைத்த செட்டிங்குகள் அடங்கிய அமைப்புக் கோப்புகளைத் தொடுவதே இல்லை. இவற்றின் பெயரோ இவை இருக்கும் ஃபோல்டரின் பெயரோ பெரும்பாலும் புள்ளியில்தான் தொடங்கும். புள்ளியில் தொடங்கும் பெயர்களைப் பட்டியலில் காட்டாத வழக்கம் லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ் காலத்திலிருந்தே வருவதால் அவை கண்ணில் படுவதில்லை. பல ஃபைல் மேனேஜர்களில் கன்ட்ரோலையும் எச் விசையையும் சேர்த்து அழுத்தினாலே தெரிந்துவிடும்.

செவ்வாய்ப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஓர் அச்சகத்தில், லிப்ரே ஆபீஸ் என்ற ஆவண மென்பொருளின் அகராதியில் ஆண்டுக்கணக்காகச் சேர்த்து வந்த ஊர்ப் பெயர்களும் குலதெய்வக் கோயில் பெயர்களும் அண்மையில் இப்படித்தான் பறிபோயின. பயனரின் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டரில் '.கான்ஃபிக்' என்பதற்குள் லிப்ரே ஆபீஸ், 4, யூசர், வேர்ட்புக் என்று இறங்கினால் கிடைக்கும் 'ஸ்டாண்டர்ட்.டிக்' என்ற சின்னஞ்சிறு கோப்புதான் அது. படங்களையாவது வாடிக்கையாளரிடம் மறுபடி கேட்டு வாங்கலாம். அந்தச் சொற்களை ஆபரேட்டர் ஒவ்வொன்றாகத்தான் மீண்டும் சேர்க்க வேண்டியிருக்கிறது.

செயலிகள் எதை எங்கே வைப்பது என்பதற்கு, லினக்ஸ் டெஸ்க்டாப்புகளுக்குப் பொது விதிகளை வகுக்கும் ஃப்ரீடெஸ்க்டாப் குழு 2003-ஆம் ஆண்டிலேயே விதி வகுத்துவிட்டது. அமைப்புகள் '.கான்ஃபிக்' ஃபோல்டரிலும், செயலி சேமிக்கும் தரவுகள் '.லோக்கல்' என்பதற்குள் 'ஷேர்' ஃபோல்டரிலும், அழிந்தாலும் தானே மீண்டும் உருவாகக்கூடியவை '.கேச்' ஃபோல்டரிலும் இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். எல்லாச் செயலிகளும் இதைப் பின்பற்றினால், '.கேச்' நீங்கலாக மற்ற இரண்டையும் எடுத்து வைத்தாலே பெரும்பகுதி தப்பிவிடும். ஆனால் கட்டளைகளை இயக்கும் பாஷ், வேறொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். போன்ற பழைய மென்பொருள்கள் ஹோம் ஃபோல்டரிலேயே தனித்தனியாக இடம் பிடித்திருக்கின்றன. பன்மொழித் தட்டச்சுக்கு உதவும் எம்17என் முறையில் தமிழ் விசைப்பலகையை நாமே திருத்தி வைத்தால், அதுவும் '.எம்17என்.டி' என்ற தனி ஃபோல்டருக்குத்தான் போகிறது. பழையவற்றுக்குக் காரணம் உண்டு, அதைக் குறை சொல்ல மாட்டேன். இன்று புதிதாகச் செயலி எழுதும் நம் கல்லூரி மாணவர்கள் ஹோம் ஃபோல்டரில் இன்னொரு புள்ளிக் கோப்பைப் போடுவதைத்தான் ஏற்க முடியவில்லை. இந்த விதியை ஆய்வக வகுப்பின் தொடக்கத்திலேயே சொல்லிக்கொடுக்கும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

சர்வீஸ்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பென்டிரைவுகளில் வழக்கமாக உள்ள ஃபேட் என்ற சேமிப்பு முறை, ஒரு கோப்பை யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்ற லினக்ஸின் அனுமதிகளை நினைவில் வைப்பதில்லை; எஸ்.எஸ்.எச். மென்பொருளோ பிறர் படிக்கக்கூடிய நிலையிலுள்ள ரகசியச் சாவியை ஏற்க மறுத்துவிடும். ஆகவே ஹோம் ஃபோல்டர் முழுவதையும் அனுமதிகளோடு சேர்த்து ஒரே பொதியாக்கும் டார் கோப்பாகக் கட்டிய பிறகே பென்டிரைவில் ஏற்றுங்கள். அந்தச் சாவிகள் உள்ளே இருப்பதால், வேலை முடிந்ததும் அந்தப் பிரதியை உரியவரிடமே ஒப்படைத்துவிட்டு, கடைக் கணினியிலிருந்து நீக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.