மூத்தவன் ஆமிக்குப் போகப்போகிறானாம்

வெள்ளவத்தை

அன்பின் மச்சான்,

போனில் பேசினால் பாதி சொல்லாமல் விட்டுவிடுவேன், அதுதான் எழுதுகிறேன்.

மூத்தவன் ஏ.எல். (உயர்தரப்) பரீட்சை முடித்தது தெரியும்தானே. போன மாதம் ஓர் இரவு, இடியப்பத்தைப் பிசைந்தபடியே, இரத்மலானை கொத்தலாவலைப் பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்குக் கடேற்றாக, அதாவது ஆமி அதிகாரியாகப் பயிலும் மாணவனாக, விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னான். மனைவி சொதிக் கிண்ணத்தை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள். அந்தச் சீருடை என்றால் அவளுக்கு இன்னும் சண்டைக்காலச் செக்பொயின்ற்தான். 2009இல் சண்டை முடிந்தபோது இவனுக்கு இரண்டு வயது.

எனக்கும் வயிறு கலங்கியது. ஆனாலும் வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடிக்க மனம் வரவில்லை. 1955இல் இராணுவத்தின் முதல் இலங்கைத் தளபதியான அன்ரன் முத்துக்குமாரு தமிழர். 1960 முதல் 1970 வரை கடற்படைத் தளபதியாக இருந்த ராஜன் கதிர்காமரும் தமிழர். அப்பா இதையெல்லாம் சாதாரணமாகச் சொல்லுவார். கேட்டால் வேறு நாட்டுக் கதை போல இருக்கும்.

"படிப்பு இலவசம், மாதச் சம்பளமும் வரும். இரண்டும் இல்லையென்றாலும் போவாயா?" என்று மூத்தவனிடம் கேட்டேன். இரண்டு நாள் பேசவே இல்லை. யோசிக்கிறான் என்று எனக்கு நிம்மதி.

பிறகு எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற சிங்கள அதிகாரியிடம் கூட்டிப்போனேன். பொறியியல் படைப்பிரிவில் இருந்தவர். பிளேன்டீ தந்துவிட்டு, ஒரு பென்சிலை எடுத்துச் சீமெந்துத் தரையில் சரித்துப் பிடித்தார். கண்ணிவெடி தேடும் கம்பியை இப்படிச் சரித்துத்தான் மண்ணுக்குள் விடவேண்டுமாம். நேரே குத்தினால் வெடியின் தலையிலேயே படுமாம். முழங்காலில் நின்று, வெயிலில், ஒரு பாயளவு நிலத்துக்கே மணிக்கணக்காகுமாம். பெருமை ஒன்றும் பேசவில்லை. வேலை முழுக்கச் சிங்களத்தில், எங்கே போட்டாலும் போகவேண்டும் என்றார். 2030இல் இராணுவத்தை ஒரு லட்சமாகக் குறைப்பதாக 2023இல் அரசாங்கம் அறிவித்தது அல்லவா, அதனால் பதவி உயர்வையும் எண்ணிக்கொண்டு வராதே என்றார்.

திரும்பி வரும்போது இவன், "அப்பா, அந்தப் பென்சில் வேலை எனக்குப் பிடிச்சிருக்கு" என்றான். எனக்குத் தொண்டை அடைத்தது. சீருடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பார்.

சரி, அப்புறம்தான் எனக்குப் பெரிய பயமே. நாளைக்கு எங்கள் சனத்துக்கு முன்னால் துவக்கோடு போய் நில் என்று ஓடர் வந்தால்? கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. அந்தப் பதில் இல்லாமல் விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்கக்கூடாது என்பதுதான் என் நிலைப்பாடு. அவனுக்கும் சொல்லிவிட்டேன், கோபப்படவில்லை.

உங்கள் பக்கம் முகமாலையில் எத்தனையோ பெண்கள் சீருடை இல்லாமலே கண்ணிவெடி அகற்றப் போனவர்கள்தானே. அந்த வேலை ஆமிக்கு வெளியிலும் இருக்கிறது என்று இவன் கண்ணால் பார்க்கவேண்டும். அவர்களோடு பேசட்டும். ஆமியில் சேர்ந்தால் ஊரில் என்ன சொல்வார்கள் என்று நேரே கேட்கட்டும். நீ இடையில் புகுந்து சமாளிக்காதே.

இரண்டு கிழமைக்கு உன்னிடம் அனுப்பட்டுமா? காலை ரயிலில் ஏற்றிவிடுகிறேன், பளை ஸ்டேஷனில் வந்து கூட்டிப்போ. விண்ணப்பத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.

உன் கூட்டாளி