பழைய கார்களின் பதிவைப் புதுப்பிக்கும்போது அடிப்பகுதியையும் பார்க்கக் கோரும் மனு

அனுப்புநர்
31 ஆண்டுகளாகக் கார் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கும் மெக்கானிக் ஒருவர்,
உடன் கையெழுத்திட்டுள்ள 14 மெக்கானிக்குகள்.
(பெயர், முகவரி, கைபேசி எண்கள் தனித்தாளில்)

பெறுநர்
உயர்திரு போக்குவரத்து மற்றும் சாலைப் பாதுகாப்பு ஆணையர் அவர்கள்,
சென்னை.

பொருள்: 15 ஆண்டு கடந்த சொந்தப் பயன்பாட்டுக் கார்களின் பதிவைப் புதுப்பிக்கும்போது வண்டியின் அடிப்பகுதியையும் முழுமையாகப் பரிசோதித்து, குறைகளை உரிமையாளருக்குத் தமிழில் எழுதிக் கொடுக்க ஆவன செய்யுமாறு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். சென்ற கார்த்திகை மாதம் ஹாரன் அடிக்கவில்லை என்று ஒரு மாருதி 800 என் பட்டறைக்கு வந்தது. 1995-ஆம் ஆண்டின் இறுதியில் பதிவான வண்டி. உரிமையாளர் தையல்காரர். வாரத்தில் இரண்டு நாள், நாற்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள மருத்துவமனைக்கு மனைவியை டயாலிசிஸ் சிகிச்சைக்கு அந்தக் காரில்தான் அழைத்துப் போகிறார். சிகிச்சை முடிந்த கையோடு பஸ்ஸில் நின்றுகொண்டு ஊர் திரும்பும் நிலையில் அந்த அம்மா இல்லை. ஆர்.சி.யைப் புதுப்பித்து இருபது நாள்கூட ஆகவில்லை, இனி ஐந்து ஆண்டுக்குக் கவலை இல்லை என்று மகிழ்ச்சியோடு சொன்னார்.

ஹாரன் ரிலேயை மாற்றினேன். பிறகு, வழக்கம்போல முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது முன்சக்கரத்துக்குப் பிரேக் ஆயிலைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய், அதாவது பிரேக் ஹோஸ், கருவேலம் பட்டை மாதிரி வெடித்துக் கிடந்தது. பையனை உள்ளே உட்காரவைத்துப் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். வெடிப்பு இருந்த இடத்தில் ஹோஸ் சுண்டைக்காய் அளவுக்குப் புடைத்தது. காலை எடுத்ததும் அடங்கியது. மறுபடி மிதிக்கச் சொன்னேன், மறுபடி புடைத்தது. சக்கரத்தை இரு கையாலும் பிடித்து ஆட்டியதில் சக்கரத்தைத் தாங்கும் மூட்டான பால் ஜாயிண்ட் கடகடத்தது. டயரின் பக்கவாட்டில் 3614 என்று எண் இருந்தது. 2014-ஆம் ஆண்டின் 36-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று அதற்குப் பொருள். அதிகம் ஓடாத வண்டியாதலால் பட்டன், அதாவது டயரின் மேல் உள்ள ரப்பர் மேடுகள், தேயவில்லை. ரப்பர் மட்டும் கல்லாக இறுகியிருந்தது.

ஆர்.சி. புதுப்பித்தபோது என்ன பார்த்தார்கள் என்று அவரிடம் கேட்டேன். சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார்கள், விளக்கையும் இண்டிகேட்டரையும் போடச் சொன்னார்கள், புகைச் சான்றைப் பார்த்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள் என்றார். எந்த அலுவலகம் என்பதை வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. குறை ஒரு ஆய்வாளரோடு முடிவதில்லை. ஓட்டுநர் உரிமத் தேர்வு, எஃப்.சி. எனப்படும் வாகனத் தகுதிச் சான்று, விபத்து வண்டி ஆய்வு, சாலையில் வாகனச் சோதனை என்று எல்லாவற்றுக்கும் அதே ஆட்கள்தான். நீண்ட வரிசையில் நிற்கும் கார்களுக்குக் கீழே படுத்துப் பார்க்க அவர்களுக்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை. இதை அவர்கள் மேல் புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

தாங்கள் அறியாதது ஒன்றுமில்லை. இருந்தாலும் நாங்கள் பட்டறையில் உட்கார்ந்து பேசிக்கொள்வதை அப்படியே எழுதுகிறேன். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். வாடகைக் காரும் லாரியும் எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி.க்குப் போய் நிற்கின்றன. சொந்தக் காரோ, புதிதாகப் பதிவான நாள் முதல் 15 ஆண்டு எந்த ஆய்வாளர் முன்னும் கட்டாயமாக வந்து நிற்க வேண்டியதில்லை. அந்த வண்டியை அரசு நேரில் பார்க்கக் கிடைக்கும் முதல் வாய்ப்பு இந்தப் புதுப்பிப்புதான். அதையும் விட்டால் அடுத்த வாய்ப்பு ஐந்து ஆண்டு கழித்தே வரும். வெயிலில் நிற்கும் காரில் ரப்பர் கெட்டுப்போக ஐந்து ஆண்டு தேவையில்லை.

கட்டணத்தைக் குறைக்கக் கேட்டு இந்த மனுவை எழுதவில்லை. 600 ரூபாயாக இருந்த காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 10,000 ரூபாய் ஆனது. அதை முடிவு செய்வது மத்திய அரசு என்பது எங்களுக்குத் தெரியும். அந்தத் தையல்காரர் பத்தாயிரம் ரூபாயையும் முணுமுணுக்காமல் கட்டினார். பணம் கட்டியவருக்கு அந்தப் பணத்துக்கு ஈடான ஒரு பரிசோதனை கிடைக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். அவருக்குத் தேவைப்பட்டது சில நூறு ரூபாய் ஹோஸும், அது கெட்டுவிட்டது என்று சொல்ல ஒரு வாயும்தான்.

இதை நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதை மறைத்துவிட்டு மனு எழுத என் மனம் ஒப்பவில்லை.

2017 மே மாதம், 1992 மாடல் அம்பாசடர் ஒன்று கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் தடுப்புச் சுவரில் மோதியது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை அது. ஓட்டியவர் புதியவர் இல்லை. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பதை அறிந்தவர், இரண்டாவது கியரில்தான் வந்திருக்கிறார். பாதி இறங்கியதும் பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரைவரை போய்விட்டதாகச் சொன்னார். பின்னால் உட்கார்ந்திருந்த அவருடைய தங்கைக்கு வலது கால் போயிற்று. அந்த வண்டியைக் கட்டி இழுத்து வந்து என் பட்டறை வாசலில்தான் நிறுத்தினார்கள். மாஸ்டர் சிலிண்டரின் மூடியைத் திறந்தேன். உள்ளே இருந்த பிரேக் ஆயில், காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. ஆண்டுக்கணக்கில் யாரும் மாற்றவில்லை.

அந்த வண்டியின் ஆர்.சி. அதே ஆண்டு ஜனவரியில் புதுப்பிக்கப்பட்டிருந்தது. அரசு தரப்பில் யாரும் அந்த மூடியைத் திறந்து பார்க்கவில்லை. மார்ச் மாதம் அதே வண்டிக்கு ரேடியேட்டர் வேலை பார்த்தவன் நான். நானும் திறந்து பார்க்கவில்லை. கேட்ட வேலையைச் செய்தோம், கூலி வாங்கினோம் என்று அனுப்பிவிட்டேன். அன்று முதல், எந்த வேலைக்கு வந்தாலும் பிரேக்கைப் பார்க்காமல் எந்த வண்டியையும் நான் வெளியே விடுவதில்லை.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். சாதாரணமாகப் பயன்படும் டாட் 3 ஆயில், புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். மலை இறக்கத்தில் பிரேக் சூடாகி, சக்கரத்தருகே ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் மிதிபடும், வண்டி நிற்காது. சமவெளியில் ஓட்டிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. ரோலர் மேல் ஏற்றிப் பிரேக் விசையை அளக்கும் இயந்திரங்கள் வருகின்றன. அவற்றை மனதார வரவேற்கிறோம். ஆனால் குளிர்ந்த வண்டியில் பழைய ஆயிலும் நன்றாகவே பிரேக் பிடிக்கும். வெடித்த ஹோஸும் வெடித்துச் சிதறும் நாள்வரை பிடிக்கும். இவற்றைத் தனியாகப் பரிசோதித்துத்தான் கண்டுபிடிக்க முடியும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை மாற்ற ஆகும் செலவு, ஒரு குடும்பம் ஓட்டலில் ஒரு வேளை சாப்பிடும் செலவைத் தாண்டாது.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. எத்தனாலும் ஈரத்தை இழுப்பது. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகளின் ரப்பர் குழாயும் பம்ப்பின் டயாபிராமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. முன்பெல்லாம் பல ஆண்டு உழைத்த பெட்ரோல் ஹோஸ், இப்போது ஊறிப் பிசுபிசுத்து வருவதை நாங்கள் எல்லோருமே பார்க்கிறோம். சூடான என்ஜின் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் என்ன நேரும் என்பதைத் தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எத்தனால் கொள்கை தங்கள் துறையின் கையில் இல்லை. புதுப்பிக்க வரும் காரின் பானெட்டைத் திறந்து அந்தக் குழாயை விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்வது தங்கள் கையில் இருக்கிறது.

பழைய கார்களையே ஒழித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று சிலர் சொல்கிறார்கள். வயதான கார் என்பதாலேயே அது ஆபத்தாகிவிடாது. என்னிடம் வரும் 1988 மாடல் அம்பாசடர் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு மலைக்கு அனுப்புவேன். உரிமையாளர் அப்படிப் பராமரிக்கிறார். அம்பாசடரும் மாருதி 800-ம் 2014-இல் உற்பத்தி நின்ற வண்டிகள். அசல் உதிரிபாகத்துக்குச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகச் சந்தை வரை ஆள் அனுப்பித் தேடுகிறோம். இந்த வண்டிகளை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஓய்வூதியர், சிறு விவசாயி, தையல்காரர், வீட்டில் நோயாளியை வைத்திருப்பவர். புதுக் கார் வாங்கச் சொல்வது அவர்களைக் காரே வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். வண்டியின் நிலையைப் பார்த்து, கெட்டதைச் சொல்லி, சரிசெய்ய அவகாசம் கொடுத்தால் அவர்கள் நிச்சயம் செய்வார்கள்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டுச் சாலை விபத்துகளில் 17,884 பேர் இறந்தார்கள். வேகமும் குடியும் கவனக்குறைவும் முன்னால் நிற்கும் காரணங்கள் என்பதை மறுக்கவில்லை. எங்கள் கைக்கு எட்டுவது வண்டியின் நிலை. அதைப் பற்றித்தான் எங்களால் பேச முடியும்.

ஆகவே, புதுப்பிக்க வரும் ஒவ்வொரு காரையும் குழியின் மேலோ ராம்ப்பின் மேலோ நிறுத்தி, பிரேக் ஹோஸ், பிரேக் ஆயில், ஸ்டியரிங் மூட்டுகள், பால் ஜாயிண்ட், டயரின் வயது, பெட்ரோல் குழாய், சீட் பெல்ட், துரு ஏறிய அடித்தகடு ஆகியவற்றைப் பார்க்க உத்தரவிட வேண்டுகிறோம். டயரின் பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதியே இருக்கிறது. அதை அளக்கும் கருவி சட்டைப் பையில் அடங்கும். பழகிய கைக்கு ஒரு காரைப் பார்க்க இருபது நிமிடம் போதும். குழி இல்லாத அலுவலகங்களில் அமைக்கும் வரை, அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ.யின் மோட்டார் மெக்கானிக் பிரிவுக் கூடத்தை வாரத்தில் ஒரு நாள் கேட்டுப் பெறலாம். அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கும் அது நல்ல பாடம்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நாங்கள் கேட்பது ஒரு தாள். என்ன குறை, எவ்வளவு அவசரம் என்று உரிமையாளருக்குப் புரியும் தமிழில் எழுதிய ஒரே ஒரு தாள். உடனே மாற்ற வேண்டியது எது, ஒரு மாதத்துக்குள் மாற்ற வேண்டியது எது, கவனித்துவர வேண்டியது எது என்று அதில் இருக்க வேண்டும். இப்போது “சரி” அல்லது “இல்லை” என்பதோடு முடிகிறது. இல்லை என்றால் திரும்பத் திரும்ப அலைச்சல். அந்த அலைச்சலுக்குப் பயந்துதான், சோதனை நாளுக்கு மட்டும் யாரிடமோ நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். முப்பது நாளுக்குள் சரிசெய்து வந்தால் மறுபடி கட்டணம் இல்லை என்று தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்ட அளவில் அறிவித்தால், மறைக்க வேண்டிய தேவையே யாருக்கும் இருக்காது.

ஜனவரி முழுவதும் சாலைப் பாதுகாப்பு மாதம் கடைப்பிடிக்கிறோம். ஊர்வலம், துண்டறிக்கை, தலைக்கவசப் பேரணி எல்லாம் நடக்கின்றன, நல்லதே. அந்த மாதத்தின் ஞாயிற்றுக்கிழமைகளில் வட்டாரப் போக்குவரத்து அலுவலக மைதானத்தில் பழைய கார்களுக்கு இலவசப் பரிசோதனை முகாம் நடத்த அனுமதி தாருங்கள். நாங்கள் பதினைந்து பேரும் ஜாக்கி, டார்ச், ஸ்பேனரோடு வருகிறோம். கூலி வேண்டாம். பார்த்துச் சொல்வதோடு எங்கள் வேலை முடியும். உதிரிபாகத்தையோ பட்டறையையோ அங்கே விளம்பரம் செய்ய மாட்டோம் என்று எழுதித் தரவும் தயார்.

தையல்காரரின் காரில் இரண்டு பக்க ஹோஸையும் பால் ஜாயிண்டையும் மாற்றி, ஆயிலை முழுவதும் இறக்கிப் புதிதாக ஊற்றினோம். டயரைத் தவணையில் மாற்றிக்கொண்டிருக்கிறார், முன்பக்கம் இரண்டும் முடிந்தது. கழற்றிய இடதுபக்க ஹோஸைத் தூக்கிப் போடாமல் எடுத்து வைத்திருந்தேன். தங்கள் பார்வைக்காக அதை இந்த மனுவோடு உறையில் வைத்திருக்கிறேன். நடுவில் பிடித்து லேசாக வளைத்தால் வெடிப்பு தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
மெக்கானிக் மற்றும் உடன் தொழில் செய்வோர் 14 பேர்